பீரோவுக்குள் எரிந்த பச்சை விளக்கு

அரசாங்கத்துக்குக் கோபம் வந்தால் அபராதம் போடும், இரக்கம் வந்தால் திட்டம் போடும். இரண்டில் அபராதமே தேவலை என்று கிளிஞ்சல்மேட்டு விசாலாட்சி சொல்வாள். அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். திட்டம் அப்படி விடாது. கூடவே வீடு வரைக்கும் வரும், நாற்காலி கேட்கும், போட்டோ எடுத்துக்கொள்ளும், போகும்போது நம் மேலேயே ஒரு குற்றத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போகும்.

விசாலாட்சி மீன் வியாபாரம் செய்கிறவள். புருஷனைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு அலை நம் கரைக்கு வருவதற்கு முன்னாலேயே எங்கெங்கோ அடித்து முடித்துவிட்டது என்றும், சேதி சொல்லத்தான் ஆளில்லை என்றும் பிற்பாடு யாரோ பேப்பரை வாசித்துக் காட்டினார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குக் கடல் மேல் இருந்த கோபம் வற்றிவிட்டது. கடலுக்கு வாயில்லை. வாய் இருந்தும் சொல்லாதவர்கள் மேல் கோபம் திரும்பியது. மிச்சம் இருப்பது ஒரே மகன் கவியரசன். தாய்மாமன் நாகராஜின் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறான். அவன் வலையைத் தூக்கித் தோளில் போடும்போதெல்லாம் அவள் ஒரு தடவை கடலைத் திரும்பிப் பார்ப்பாள்.

ஆகவே 2008இல் கடலோரக் கம்பியில்லாத் தகவல் பரவல் இயக்ககம் என்ற ஒரு துறை கிளிஞ்சல்மேட்டைத் தேடிக்கொண்டு வந்தபோது, அவள்தான் முதலில் கையைத் தூக்கினாள். பத்தாவது வரை படித்தவள், தொண்டையும் கணீரென்று இருக்கும். மகளிர் குழுவில் வேறு யாரையும் யோசிக்கவில்லை.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். புயலும் மழையும் ரேடியோவிலேயே வந்துவிடும். இது வேறு. வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், காற்று இருக்காது, ஆனால் எங்கோ தூரக்கடலில் கிளம்பிய பேரலை நம் முகத்துவாரத்தில் வந்து எழுந்து நிற்கும். வெளியே கடலில் இருக்கும்போது அது தெரியாது. திரும்பி ஆற்றுக்குள் நுழையும்போது படகைப் புரட்டிவிடும். அந்த அலையை முன்கூட்டியே கணக்குப் போட்டு, ஒரு படமாக அனுப்புவார்கள். கடல் பச்சையாக இருந்தால் போகலாம், மஞ்சளாக இருந்தால் பார்த்துப் போகலாம், சிவப்பாக இருந்தால் படகைத் தொடக்கூடாது. படம் டெலிபோன் ஒயர் வழியாகத் தகவல் மையத்துக்கு வரும். மையத்தில் ஆக்சஸ் பாயிண்ட் என்று இரண்டு கொம்பு வைத்த சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கும். அது படத்தை வாங்கி, கம்பி எதுவும் இல்லாமல், பக்கத்து மீன் ஏலக்கூடத்தில் இருக்கும் விசாலாட்சியின் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். அவள் பார்த்து மைக்கில் சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேலை.

திறப்பு விழா குறைவில்லாமல் நடந்தது. பந்தல் போட்டு, நாயனம் வைத்து, வெள்ளைப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, இரண்டு கொம்பிலும் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். காரைக்கால் கிளையின் துணை இயக்குநர் திருஞானசம்பந்தம் மைக்கைப் பிடித்து, "இன்று முதல் மீனவனுக்கும் மரணத்துக்கும் இடையே இருந்த தொடர்பு துண்டிக்கப்படுகிறது!" என்று முழங்கினார். ஏலக்கூடத்துக் கம்ப்யூட்டரில் படம் விழுந்தது. மேல் மூலையில், சரியாகக் காரைக்கால் கடலுக்கு மேலே, இயக்ககத்தின் சிவப்பு முத்திரை கொஞ்ச நேரம் நின்று மறைந்தது. அதற்கப்புறம் எல்லாம் பச்சை. விசாலாட்சி அதை மைக்கில் வாசித்தாள். இது நாலு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் கம்ப்யூட்டர், இணைப்பு இல்லை என்றது. அணைத்துப் போட்டாள். இல்லை என்றது. மையத்துக்கு ஓடினாள். அங்கே ஸ்டோர் கீப்பர் தியாகராசன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நேற்றைக்கு மேசை மேல் இருந்த வெள்ளைப் பெட்டியைக் காணோம்.

"பொட்டி எங்கங்க?"

"பீரோவுல இருக்கு."

"பீரோவுலயா? அணைச்சிட்டீங்களா?"

"அணைக்கிறதா? இருவத்து நாலு மணி நேரமும் சேவையில இருக்கணும்னு ஆர்டர் இருக்கும்மா. பின்னாடி ஓட்ட போட்டு ஒயர் குடுத்திருக்கு. உள்ள பச்ச லைட்டு எரியுது. நம்பலன்னா வந்து பாரு."

பச்சை வண்ணம் அடித்த இரும்புப் பீரோ அது. கதவின் நடுவில் நாலணாக் காசு அளவுக்கு ஒரு ஓட்டை. ஆய்வுத் துளை என்று பெயர். புதுச்சேரிக்கு எழுதி அனுமதி வாங்கிப் போட்டது. தினம் காலையில் தியாகராசன் அதில் கண்ணை வைத்து, விளக்கு எரிவதைப் பார்த்து, எரிகிறது என்று கையெழுத்துப் போடுவார். விசாலாட்சியும் கண்ணை வைத்தாள். கும்மிருட்டில் ஒரு பச்சைப் பொட்டு மினுக்கிக்கொண்டிருந்தது.

"பீரோவத் தொறந்து வெச்சா எனக்குப் படம் வருமுல்ல?"

"வரும்மா. ஏன் வராது? இரும்பு மறைக்கிதுல்ல. தொறந்தா வந்துரும்."

"அப்ப தொறங்க."

"அது முடியாது. இது ஏ வகுப்புச் சொத்து. ரெட்டப் பூட்டு. ஒரு சாவி என்கிட்ட, ஒண்ணு துணை இயக்குநர்கிட்ட. ரெண்டு பேரும் சேந்து நின்னுதான் தொறக்கணும், மூடிட்டுதான் நவுரணும். வெளியில வெச்சு, உப்புக்காத்து பட்டு ஒரு பொட்டு துரு ஏறுனா என் பென்சன்ல கைய வெப்பாங்க."

தியாகராசன் கெட்ட மனிதர் இல்லை. யாருக்கும் தீங்கு நினைக்காதவர். யாருக்கும் தீங்கு நினைக்காமல் இருபத்தைந்து வருஷம் பீரோக்களைப் பூட்டியே வந்தவர். காரைக்காலில் மிச்சமிருக்கும் பிரெஞ்சு பென்ஷன்காரர்கள், அந்தப் பாஷையில் ஆபீஸுக்கும் பீரோ என்றுதான் பெயர் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நம் ஆட்கள் நடத்திக் காட்டிவிட்டார்கள்.

விசாலாட்சி பஸ் ஏறி டவுனுக்குப் போனாள். கிளை அலுவலகத்தில் திருஞானசம்பந்தத்தின் மேசை மேல் இன்னொரு வெள்ளைப் பெட்டி, பீரோவும் இல்லாமல் பூட்டும் இல்லாமல், காற்றாட உட்கார்ந்திருந்தது. அது அதிகாரியின் நேரடிப் பார்வையில் இருப்பதால் அதற்குப் பாதுகாப்புத் தேவையில்லையாம். அவர் அதன் தயவில் கம்ப்யூட்டரில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"இந்தாம்மா, ஒண்ணு புரிஞ்சுக்கணும். இதுல ரெண்டு கட்சி இருக்கு. ஆக்சஸ் பாயிண்ட்டுன்னு ஒண்ணு, கிளையண்ட்டுன்னு ஒண்ணு. ஆக்சஸ் பாயிண்ட் எங்களுது. குடுக்குற கை. கிளையண்ட் ஒங்க கம்ப்யூட்டரு. வாங்குற கை. குடுக்குற கை எப்பவும் குடுத்துக்கிட்டேதான் இருக்கு, பச்ச லைட்டு எரியுதுன்னு தெனம் கையெழுத்து இருக்கு. அப்ப குறை யார்கிட்ட?"

"பீரோகிட்டங்க."

"பீரோ இதுல கட்சியே கிடையாது. நீங்க கம்ப்யூட்டரக் கொண்டாங்க, பாப்போம்."

ஆட்டோவில் வைத்து, குழந்தையைப் போல மடியில் கிடத்திக் கொண்டுவந்தாள். அவருடைய மேசைக்குப் பக்கத்தில் வைத்ததும் கம்ப்யூட்டர் மளமளவென்று இணைந்துகொண்டது. படம் விழுந்தது. அவள் முகம் மலர்ந்தது. அவர் முகம் யோசனையில் சுருங்கியது.

"ஆக, கம்ப்யூட்டர்லயும் குறை இல்ல. ஆக்சஸ் பாயிண்ட்லயும் குறை இல்ல. அப்ப இடத்துலதான் குறை. கிளிஞ்சல்மேட்டுலதான் எடுக்கல."

"இப்ப என்னங்க செய்யறது?"

"கிளிஞ்சல்மேட்ட நகர்த்துறது எங்க துறைக்குள்ள வராதும்மா" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

அதற்கப்புறம் பழுது நீக்கும் படலம் தொடங்கியது. புதுச்சேரியிலிருந்த உதவி மையத்துக்குப் போன் செய்தால், ஆக்சஸ் பாயிண்ட்டை அணைத்துப் போடச் சொன்னார்கள். பீரோவைத் திறக்க முடியாது என்பதால் தியாகராசன் கட்டடத்தின் மெயினையே இறக்கினார். ஏலக்கூடத்து ஐஸ் பெட்டிக்கும் அதே மெயின்தான். பெட்டியில் இருந்த கொடுவா மீன் கெட்டதே தவிர இணைப்பு வரவில்லை. அடுத்து, பாஸ்வேர்டு தவறாக இருக்கலாம் என்றார்கள். பாஸ்வேர்டை மாதாமாதம் இயக்குநரே தன் கையால் மாற்றி, அரக்கு முத்திரை வைத்து அனுப்புவது வழக்கம். புதுச்சேரியும் காரைக்காலும் ஒரே நிர்வாகமானாலும் நடுவே தமிழ்நாடு படுத்துக்கிடக்கிறது. உறை கடலூர், சிதம்பரம் எல்லாம் பார்த்துவிட்டு வந்து சேரும்போது மாதம் முடிந்து பாஸ்வேர்டு மாறியிருக்கும். காலாவதியான பாஸ்வேர்டுகளையும் தியாகராசன் தூக்கிப் போடவில்லை, இன்னொரு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

இதற்கிடையில் கடல் தன்பாட்டுக்கு இருந்தது. பையன்கள் பழையபடி வானத்தைப் பார்த்துவிட்டுத் தொழிலுக்குப் போனார்கள். மைக்கில் சொல்ல ஒன்றும் இல்லாததால் விசாலாட்சி, ஏலம் தொடங்குகிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் எழுதிப்போட்ட மனுக்களின் தொல்லை தாங்காமல் புதுச்சேரியிலிருந்து ஒரு நிபுணர் குழு வந்தது. குழுவின் தலைவர் ஜெயபிரகாஷ், என்ஜினியர். கையில் ரேடியோ அலையை அளக்கும் கருவி. பீரோவைச் சுற்றி வந்தார். கதவில் வைத்தார், முதுகில் வைத்தார், குனிந்து காலடியில் வைத்தார். முள் அசையவில்லை.

"சார், இது இரும்பு பீரோ" என்றார்.

"ஆமா" என்றார் திருஞானசம்பந்தம்.

"இரும்புக்குள்ள வெச்சா அலை வெளில வராது சார்."

"அது எங்களுக்கும் தெரியும் சார். ஸ்டோர் கீப்பருக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும், இந்தம்மாவுக்கும் தெரியும். தெரியாத ஒண்ணச் சொல்லத்தான ஒங்களுக்கு பஸ் காசு குடுத்து வரவழைச்சிருக்கோம்?"

ஜெயபிரகாஷ் கருவியைப் பையில் போட்டார். பிறகு, அப்படியானால் பீரோவின் பின் ஓட்டை வழியாகவே ஒரு ஒயரை இழுத்து ஏலக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம், எதிரே இருக்கும் கடையிலேயே கிடைக்கும் என்றார். திருஞானசம்பந்தம் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

"சார், திட்டத்தோட பேரே கம்பியில்லாத் திட்டம்! இதுல ஒரு முழம் கம்பி வாங்கினாலும் திட்டத்துக்கு விரோதம். நாளைக்கு ஆடிட்ல வந்து, கம்பியில்லாததுக்கு எதுக்குய்யா கம்பின்னு கேட்டா நான் எங்க போயி முட்டிக்கிறது?"

"அப்பன்னா ஐயா," என்றாள் விசாலாட்சி, "பீரோ கதவ மட்டும் கொஞ்சம் ஒருக்களிச்சு வெச்சிட்டு, தியாகராசன் ஐயா பக்கத்துலயே காவலுக்கு ஒக்காந்திருக்கட்டுமே."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. தேர்க்காலில் முட்டுக்கட்டைக்குப் பதில் கையை வைக்கச் சொன்னவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

குழு உட்கார்ந்து யோசித்தது. டீ வந்தது, வடை வந்தது, கடைசியில் தீர்ப்பும் வந்தது. ஆக்சஸ் பாயிண்ட்டை வெளியே எடுக்க முடியாது. கம்பி கூடாது. ஆகவே கிளையண்ட்டை உள்ளே வைப்பது.

இன்னும் பெரிய பீரோ ஒன்று வந்தது. தட்டுகளைக் கழற்றிவிட்டு, விசாலாட்சியின் கம்ப்யூட்டரை அதற்குள் தூக்கி வைத்து, பக்கத்திலேயே வெள்ளைப் பெட்டியையும் வைத்தார்கள். இரண்டும் நொடியில் இணைந்துகொண்டன. தோளோடு தோள் உரச உட்கார்ந்திருப்பவை இணையாமல் என்ன செய்யும்? படம் பளிச்சென்று விழுந்தது. திருஞானசம்பந்தம் கைதட்டினார். ஜெயபிரகாஷ் தரையைப் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகு இரண்டு சாவியும் திரும்பின.

விசாலாட்சி பூட்டிய கதவைத் தட்டினாள்.

"ஐயா, அத நான் எப்படிப் பாக்கறது?"

"அம்மா, நீங்க என்ன புகார் குடுத்தீங்க? இணைப்பு இல்லன்னு குடுத்தீங்க. இப்ப இணைப்பு இருக்கு. நூத்துக்கு நூறு. பாக்கறது வேற விஷயம். அதுக்குத் தனியா மனு போடணும்."

புதுப் பீரோவிலும் ஆய்வுத் துளை இருந்தது. தியாகராசன் மனம் இரங்கி, தன் முறை முடிந்ததும் அவளையும் அதில் கண்ணை வைக்கவிட்டார். அதன் வழியாக ஓரத்தில் பெட்டியின் பச்சை விளக்கும், படத்தின் மேல் மூலை காசு அளவுக்கும் தெரியும். எழுத்தெல்லாம் கீழே இருந்ததால் வாசிக்க முடியாது. நிறம் மட்டும் தெரியும். துரதிர்ஷ்டம், இயக்ககத்தின் சிவப்பு முத்திரை வந்து நிற்பதும் அதே மூலையில்தான். முத்திரை மறைகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்புறம் பச்சை தெரிந்தால், பச்சை மாதிரி இருக்கு என்று மைக்கில் சொல்வாள். ஊரில் பையன்கள் அதையே பிடித்துக்கொண்டு, மீன் எப்படி என்றால் வஞ்சிரம் மாதிரி இருக்கு, சாப்பாடு எப்படி என்றால் சோறு மாதிரி இருக்கு என்று கேலி பேசித் திரிந்தார்கள். கவியரசனும் பேசினான். அவள் பொறுத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு விடியல். வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை. தியாகராசன் மையத்தைத் திறந்து, கண்ணை வைத்து, பச்சை விளக்கு எரிகிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார். விசாலாட்சி கண்ணை வைத்தாள். சிவப்பு. முத்திரை போகட்டும் என்று காத்திருந்தாள். போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். அசையாத சிவப்பு.

கரைக்கு ஓடினாள். படகுகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாகராஜ் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊர்த் தலைவர் அமிர்தலிங்கம் வலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"போவாதீங்க! செவப்பாத் தெரியுது!"

"என்னா போட்டிருக்கு? அலை எவ்ளோ ஒயரம்?" என்றார் அமிர்தலிங்கம்.

"அது தெரியலண்ணே. செவப்பு மட்டுந்தான் தெரியுது."

"அந்த முத்திரைச் சீலு நிக்கிறதா இருக்கப்போவுது தங்கச்சி. கடலப் பாரு, எண்ணெய் ஊத்துன மாதிரி கெடக்கு. நாலு நாளா அடுப்பு எரியல. செவப்பு மாதிரி இருக்குன்னா ஊர நிறுத்த முடியும்?"

கவியரசன் படகில் ஏறி உட்கார்ந்தான். "யம்மா, போயி முழுசாப் பாத்துட்டு வந்து சொல்லு. அதுக்குள்ள நாங்க திரும்பியே வந்துருவோம்" என்று சிரித்தான். நாகராஜின் படகும் இன்னும் சிலதும் கிளம்பிவிட்டன. மற்றவை தள்ளுவதற்குத் தயாராக நின்றன.

மையத்துக்குத் திரும்பி ஓடினாள். தியாகராசன் தன் சாவியை எடுத்துக்கொண்டு தயாராகத்தான் நின்றார். இன்னொரு சாவி புதுச்சேரியில் இருந்தது. நூற்றுக்கு நூறு இணைப்பு சாதித்த கிளைக்கு அன்றைக்கு அங்கே விருது. திருஞானசம்பந்தம் அதை வாங்கப் போயிருந்தார். தியாகராசனின் செல்லிலிருந்தே கூப்பிட்டாள்.

"ஐயா, படம் செவப்பாத் தெரியுது. பசங்க போயிக்கிட்டிருக்காங்க. பீரோவத் தொறக்கச் சொல்லுங்க."

"பதட்டப்படாதீங்கம்மா. சிவப்புன்னா சிவப்புதான், அத நான் மறுக்கல. நம்ம சிஸ்டம் வேல செய்யுதுங்கறதுக்கு இதவிட என்ன சாட்சி வேணும்? இத நான் மேடையிலயே சொல்லப்போறேன்."

"எம்மவன் கடல்ல இருக்கான்யா!"

"இருக்கட்டும்மா. உணர்ச்சி வேற, விதி வேற. ரெண்டாவது சாவி இல்லாம தொறந்தா நாளைக்கு எல்லாரும் தொறப்பாங்க. நான் நாளான்னிக்கி வர்றேன், முறைப்படி தொறந்து பாப்போம். நல்லா யோசிச்சுப் பாருங்க. உயிருக்குப் பொறுப்பு கடல். பீரோவுக்குப் பொறுப்பு நான். அவங்கவங்க பொறுப்ப அவங்கவங்க பாத்தாதான் நாடு உருப்படும்."

சட்டைக்கு இஸ்திரி போட ஆள் வந்திருப்பதாகச் சொல்லி, போனை வைத்துவிட்டார்.

விசாலாட்சி செல்லைத் திருப்பிக் கொடுத்தாள். நேரே ஏலக்கூடத்துக்குப் போனாள். அங்கே ஐஸ் பாளம் உடைக்கிற கடப்பாரை சுவரில் சாய்ந்திருந்தது. அவள் தினமும் பிடிக்கிற கடப்பாரைதான், கைக்குப் பழக்கம். அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது தியாகராசன் பீரோவை மறைத்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"என் பென்சன்ம்மா."

"நவுருங்க."

அவர் அவளைப் பார்த்தார். கடப்பாரையைப் பார்த்தார். கைகளை மடக்கி, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் டீ குடிக்கப் போயிருக்கேன். எனக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இரட்டைப் பூட்டு என்று பெயரே தவிர, கீல் ஒற்றைக் கீல்தான். கதவின் இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். பாளம் விலகுவது போல விலகியது. உள்ளே படம் முழுசாக எரிந்துகொண்டிருந்தது. கரை நெடுக ரத்தச் சிவப்பு. கீழே தமிழிலேயே எழுதியிருந்தது: முகத்துவாரத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு அலை எழும், யாரும் கடலுக்குப் போகவேண்டாம். முந்தின நாள் சாயங்காலமே வந்திருந்த எச்சரிக்கை. மையத்தைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிற்பாடு, பீரோவுக்குள் விடிய விடிய அது யாருக்கோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றைக்குப் புருஷன் போனபோது அழுததைவிட இப்போது அவளுக்கு அழுகை முட்டியது. அழுவதற்கு நேரமில்லை. மைக்குக்கு ஓடினாள்.

"முழுசாப் பாத்துட்டேன்! ரெண்டு ஆளு ஒயரம்! ஒருத்தனும் படகத் தொடாதீங்க!"

தள்ளுவதற்கு நின்ற படகுகள் நின்றன. அமிர்தலிங்கமே முன்னால் நின்று அவற்றை மேட்டுக்கு இழுக்கச் சொன்னார். போன படகுகளுக்கு மாற்றி மாற்றிப் போன் அடித்தார்கள். என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வெயில் ஏறியபோது, காற்றில்லாத கடலில் தண்ணீர் வரிவரியாக நிமிர்ந்து வந்தது. வெளியே இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை, போன படகுகள் வழக்கம்போலத் திரும்பின. முதல் படகுகள் எப்படியோ நுழைந்துவிட்டன. நாகராஜின் படகு முகத்துவாரத்தில் செங்குத்தாக நின்று, புரண்டது. நாகராஜ் நீந்திக் கரையேறினான். கவியரசனைப் படகுக்கும் கருங்கல் கொட்டிய கரைக்கும் நடுவே அலை வைத்து நசுக்கியது. தூக்கி வந்தபோது வலது கால் துணி மாதிரி தொங்கியது. விசாலாட்சி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கம்ப்யூட்டரை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனது வழியெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

கால் எடுக்காமல் பிழைத்தது. ஆனால் படகில் ஊன்றி நின்று இனி வலை இழுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இயக்ககம் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அடுத்த மாதமே அதே இடத்தில் பந்தல் போட்டு, நாயனம் வைத்து, ஒரு விழா எடுத்தது. கவியரசனை மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்காரவைத்து மேடையில் ஏற்றினார்கள். திருஞானசம்பந்தம் விருதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார்.

"எச்சரிக்கை வந்ததா? வந்தது. சரியாக வந்ததா? சரியாக வந்தது. முதல் நாள் மாலையே வந்தது! உலகத்தில் வேறு எந்தப் பீரோவுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கிறது? அந்த எச்சரிக்கை மட்டும் இல்லையென்றால் இந்தத் தம்பிக்கு இரண்டு காலும் போயிருக்கும். ஆகவே இவரே எங்கள் திட்டத்தின் முதல் பயனாளி!"

கவியரசனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். பொன்னாடை போர்த்திய அதே கை பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விசாலாட்சியிடம் நீட்டியது. ஏ வகுப்புச் சொத்தைப் பாதுகாத்த பீரோவை உடைத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டு நோட்டீஸ். அவள் வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.  அவள் மறுக்காமல் வாங்கிக்கொண்டது திருஞானசம்பந்தத்துக்குத் திருப்தியாக இருந்தது.

"நடந்ததிலிருந்து பாடம் கற்றிருக்கிறோம்" என்று அவர் மேலே பேசினார். "பழைய பீரோவில் இருந்த குறைகள் களையப்பட்டுவிட்டன. புதிய பீரோவில் துளை கிடையாது. துளை இருந்ததால்தானே பார்த்தார்கள்? பார்த்ததால்தானே உடைத்தார்கள்? பூட்டும் இனிமேல் மூன்று. மூன்றாவது சாவி புதுச்சேரியிலேயே இருக்கும். இனி யாருக்கும் கவலை வேண்டாம்."

பிறகு எல்லோரும் எழுந்து மையத்துக்குள் போனார்கள். புதிய பீரோ சாம்பல் நிறத்தில், ஆள் நிற்கிற அளவுக்கு, வழவழவென்று நின்றது. அதற்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கடப்பாரை சாய்த்து வைத்திருந்தது. ஐஸ் உடைக்கிற அதே கடப்பாரை. தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. அமிர்தலிங்கமும் ஏலக்கூடத்துப் பெண்களும் அதன் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

திருஞானசம்பந்தம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"இது என்னம்மா இங்க? ஸ்டாக்குல இல்லாத பொருளா இருக்கே?"

"பாஸ்வேர்டுங்க" என்றாள் விசாலாட்சி. "மாசாமாசம் மாத்த வேண்டியதில்ல."

தியாகராசன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பினார்.